சூத்திரம் கடைசியில் வரட்டும்

கல்லூரியில் புள்ளியியலை முதன்முதலாகப் படிக்கும் மாணவ, மாணவியருக்கு,



சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம் வரைக்கும் உங்களில் பெரும்பாலோருக்குத் தொல்லை இருந்திருக்காது. கையில் எண்கள் இருந்தன. கூட்டினீர்கள், வகுத்தீர்கள், விடை வந்தது. நிகழ்தகவு தொடங்கியபோதும் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று பள்ளியில் பார்த்தவையே வந்தன. அடுத்த அலகில்தான் வகுப்பு சட்டென்று அமைதியாகிறது. தனிநிலை நிகழ்தகவுப் பரவல்கள் என்று கரும்பலகையில் எழுதியதும் நோட்டுகள் வேகமாக நிரம்புகின்றன, கேள்விகள் நின்றுவிடுகின்றன. ஈருறுப்புப் பரவல், பெருக்குப் பரவல், பாய்சான் பரவல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம், ஒரு சராசரி, ஒரு பரவற்படி. மனப்பாடம் செய்தால் தேர்வைத் தாண்டிவிடலாம் என்று தோன்றுகிறது. தாண்டியும் விடுகிறீர்கள். எனக்கு வருத்தமே அதில்தான்.

விடைத்தாள் திருத்த உட்காரும்போது இந்த அலகின் கணக்குகளில் ஒரே போக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வினாவில் “சராசரியாக” என்ற சொல் கண்ணில் பட்டால் பாய்சான். “10 முறை” என்று இருந்தால் ஈருறுப்பு. எதை எண்ணுகிறோம் என்று ஒரு வரிகூட இல்லை. நேரே சூத்திரம், அதில் எண்கள், கால்குலேட்டர், விடை 1.27. அதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பது அந்த மாணவருக்குத் தெரியும். கேட்டால் உடனே சொல்வார். ஆனால் தெரிந்த அந்தச் செய்தி, போட்ட இந்தக் கணக்கின் பக்கமே வரவில்லை. இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. பாடம் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை அப்படி. முதலில் பெயர், பிறகு சூத்திரம், பிறகு பண்புகள், இடமிருந்தால் கடைசியில் எடுத்துக்காட்டு. இந்த மடலில் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

வீட்டில் தாயக்கட்டை இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பித்தளையில் நீளமாக இருக்கும் ஜோடி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, நான்காவது பக்கம் வெறுமை. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்டித் தரையில் விட்டால், முதல் கட்டை நான்கு விதமாக விழலாம். அது எப்படி விழுந்தாலும் இரண்டாவது நான்கு விதமாக விழலாம். மொத்தம் 16. கட்டைகள் தேயாமல், ஒருபக்கம் கனக்காமல் இருந்தால் அந்த 16 விதங்களும் சம வாய்ப்பு உள்ளவை.

இப்போது புள்ளிகளைக் கூட்டுங்கள். இரண்டும் வெறுமையாக விழுவது ஒரே ஒரு விதம், கூட்டல் 0. கூட்டல் 1 வர இரண்டு விதம், 2 வர மூன்று, 3 வர நான்கு. அங்கிருந்து இறங்குமுகம்: 4 வர மூன்று, 5 வர இரண்டு, 6 வர ஒன்று. ஒவ்வொன்றையும் 16 ஆல் வகுத்து எதிரே எழுதினால் ஏழு வரியில் ஓர் அட்டவணை கிடைக்கும். அந்த அட்டவணைதான் தனிநிலை நிகழ்தகவுப் பரவல். வரக்கூடிய மதிப்புகள் என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுவது. எந்த வாய்ப்பும் பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது. எல்லாம் சேர்ந்து சரியாக 1 ஆக வேண்டும். பாடநூலில் நிகழ்தகவு நிறைச் சார்பு என்று அரைப்பக்கத்துக்கு எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டு நிபந்தனைதான். சூத்திரம் என்று ஒன்று இதுவரை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தாயம் ஆடியவர்கள் இந்நேரம் என்னைத் திருத்தியிருப்பீர்கள். ஆட்டத்தில் யாரும் “பூச்சியம்” என்று சொல்வதில்லை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு. ஆமாம், இந்த அலகில் பலருக்குப் பிடிபடாத சமவாய்ப்பு மாறி என்ற கருத்து அங்கேதான் இருக்கிறது. கட்டைகள் அதே கட்டைகள், தரை அதே தரை, 16 விதங்களும் அவையே. ஆனால் அந்த விதங்களுக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்ற விதியை ஆட்டம் மாற்றிவிட்டது. சமவாய்ப்பு மாறி என்பது அந்த விதி. அது கட்டையில் இல்லை. கட்டையைப் பார்த்து நாம் எண்ணும் முறையில் இருக்கிறது. புள்ளிகளைக் கூட்டுவது ஒரு மாறி. ஆட்டக் கணக்குப்படி நகரும் கட்டங்கள் வேறொரு மாறி. தாயம், அதாவது ஒன்று, விழுந்ததா இல்லையா என்பது மூன்றாவது; அதற்கு 1, 0 என்ற இரண்டே மதிப்புகள், வாய்ப்புகள் 2/16, 14/16. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை போடலாம் என்று ஆடும் வீடுகளில், மறு எறிதல் கிடைத்ததா என்பது நான்காவது மாறி. அதன் வாய்ப்பு 6/16. ஒரே எறிதலிலிருந்து நான்கு பரவல்கள். ஆகவே “இந்தச் சோதனையின் பரவல் என்ன?” என்று கேட்பதில் பொருளில்லை. எதை எண்ணுகிறீர்கள் என்று முதலில் சொல்ல வேண்டும்.

பூச்சியத்தைப் பன்னிரண்டாக்கிய அந்த ஒரு விதி என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் புள்ளிக் கூட்டலின் எதிர்பார்ப்பு மதிப்பு 3. திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.58. ஆட்டக் கணக்கில் எதிர்பார்ப்பு 3.75 ஆகிறது, திட்ட விலக்கம் 2.54. சராசரி முக்கால் கட்டம்தான் ஏறியது. சிதறல் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. பதினாறில் ஒரு முறை விழும் அந்தப் பன்னிரண்டால்தான் தோற்கும் நிலையில் இருப்பவர்கூடக் கடைசிவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார். திட்ட விலக்கத்தின் வர்க்கமான பரவற்படி எதை அளக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்த இரண்டு திட்ட விலக்கங்களைத்தான் காட்டுவேன்.

3.75 என்று எந்த எறிதலிலும் விழாது. எதிர்பார்ப்பு மதிப்பு என்றதும் அடுத்து அதையே எதிர்பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே திகைக்கிறார்கள். நூறு எறிதல், ஆயிரம் எறிதல் என்று போய்க்கொண்டே இருந்தால், ஓர் எறிதலுக்கு நகர்ந்த கட்டங்களின் சராசரி 3.75ஐ நெருங்கிக்கொண்டே வரும் என்பதுதான் அதன் பொருள். இதன் அடிப்படை வடிவத்தை முதன்முதலில் முறையாக நிறுவியவர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்து யாக்கோபு பெர்னோலி. அவர் 1705ல் இறந்தார். நிறுவல் அடங்கிய நூல் எட்டாண்டு கழித்து 1713ல்தான் அச்சேறியது. இரண்டே விளைவுகள் கொண்ட சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

தாயம் விழுந்ததா இல்லையா என்ற அந்த மூன்றாவது மாறியை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவோம். எட்டு முறை கட்டையைப் போடுகிறேன். எத்தனை தாயம் விழும்? எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு, எட்டு எறிதல், ஆகவே ஒன்று நிச்சயம் என்று வாய் முந்திக்கொள்கிறது. ஒன்றுகூட விழாமல் இருக்க, எட்டு எறிதலும் 7/8 பக்கமே போக வேண்டும். 7/8ஐ எட்டு முறை பெருக்கினால் 0.344. மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! சரியாக ஒன்று விழும் வாய்ப்பு 0.393. இரண்டு விழுவதற்கு, எந்த இரண்டு எறிதல்கள் என்று தேர்ந்தெடுக்கும் வழிகள் 28, ஒவ்வொரு வழிக்கும் 1/8 இரண்டு முறை, 7/8 ஆறு முறை பெருக வேண்டும், விடை 0.196. மூன்றுக்கு 0.056. மீதி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 0.011. கூட்டிப் பாருங்கள், 1 வந்துவிடும்.

நீங்கள் மனப்பாடம் செய்யும் ஈருறுப்புப் பரவலின் சூத்திரம் இப்போது நாம் செய்ததைச் சுருக்கி எழுதியதுதான். எத்தனை வழிகள் என்பது அதன் முதல் துண்டு. ஒரு வழிக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது மீதி. அந்த 28ஐ நீங்களே ஒரு தாளில் எழுதி எண்ணிப் பார்த்தால் போதும், சேர்மானத்தை எதற்காகப் பெருக்குகிறோம் என்ற சந்தேகம் திரும்ப வராது.

இதற்குள் நான் சில விஷயங்களைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். எறிதல்கள் எட்டு என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. ஒவ்வோர் எறிதலிலும் வாய்ப்பு மாறாமல் 1/8 ஆகவே இருந்தது. ஓர் எறிதலில் விழுந்தது அடுத்ததைத் தொடவில்லை. தாயம் ஆடும் திண்ணையில் “உருட்டிப் போடு, வெச்சுப் போடாதே” என்று சத்தம் எழுவது இந்த மூன்றில் இரண்டைக் காப்பாற்றத்தான். கட்டையை உருட்டாமல் விரலுக்குள் ஏற்பாடு செய்து வழுக்கிவிடத் தெரிந்தவர் கையில் 1/8 என்பது 1/8 ஆக இருக்காது. சூத்திரம் அதைக் கண்டுபிடிக்காது. அது பாட்டுக்கு ஒரு விடையைத் தரும். நான்கு தசம இடம் வரை திருத்தமாகத் தவறான விடையைத் தரும்.

எறிதல்களின் எண்ணிக்கையை முடிவு செய்யாமல், முதல் தாயம் விழும்வரை போட்டுக்கொண்டே இருந்தால் என்னாகும்? காய் இறங்கத் தாயம் வேண்டும் என்பதால் ஆட்டத்தில் உண்மையிலேயே நடப்பது இதுதான். இப்போது எண்ணுவது தாயங்களை அல்ல, எறிதல்களை. ஆகவே பரவலும் வேறு. இதற்குப் பெருக்குப் பரவல் என்று பெயர். காத்திருக்கும் எறிதல்களின் சராசரி 8. ஆனால் ஆறாவது எறிதலுக்குள் காய் இறங்கிவிடும் வாய்ப்பு பாதிக்கு மேல், 0.55. எல்லாவற்றிலும் மிகுந்த வாய்ப்புள்ள தனி மதிப்பு எது தெரியுமா? முதல் எறிதலே. நீண்ட நேரம் கட்டையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் சிலரால் சராசரி மேலே இழுக்கப்படுகிறது. சராசரியை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு இந்த வடிவம் தெரியாமலே போகும்.

இந்தப் பரவலின் ஒரு பண்பை மட்டும் நீங்கள் கல்லூரியைவிட்டுப் போகும்போது கையோடு எடுத்துப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இருபது முறை போட்டும் தாயம் விழவில்லை என்றால் இருபத்தோராவது எறிதலில் வாய்ப்பு எவ்வளவு? அதே 1/8. கட்டைக்கு நினைவு கிடையாது. இத்தனை நாள் விழவில்லை, இனி விழுந்தே தீரும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. தமிழ்நாட்டில் 1968ல் அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003ல் மாநிலத்தில் லாட்டரிக்குத் தடை வந்தது. இடைப்பட்ட காலத்தில், நேற்று விழாத சீட்டுக்காக இன்று இன்னும் ஒன்று கூடுதலாக வாங்கிய கூலித் தொழிலாளிகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. நேற்றைய தோல்வி இன்றைய வாய்ப்பை ஒரு துளியும் கூட்டாது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்த இடத்துக்கு இன்று கைப்பேசி விளையாட்டுகள் வந்துவிட்டன. உங்கள் விடுதி அறையில் பணம் கட்டி ஆடுகிறவர் இருந்தால், அவரிடம் நீங்கள் சொல்லலாம்.

விளையாட்டு போதும். இதே சிறிய அட்டவணை ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். 1943ல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஒரு வழி சொன்னார். படையில் சேர வருகிறவர்கள் எல்லாருக்கும் சிபிலிஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. நோய் உள்ளவர்களோ மிகச் சிலர். ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே சோதிப்பதற்குப் பதில், சிலருடைய இரத்தத்தில் சிறிது சிறிது எடுத்துக் கலந்து ஒரே சோதனை செய்யலாம். நோய் இல்லை என்று வந்தால் அந்தக் குழு முழுவதும் தப்பியது. உண்டு என்று வந்தால் மட்டும் ஒவ்வொருவரையும் தனியாகச் சோதிப்பது.

2020 ஏப்ரலில் கொரோனா பரிசோதனைக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு இருந்தபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதே முறைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தொற்று விகிதம் 2 விழுக்காட்டுக்குக் குறைவான பகுதிகளில் மாதிரிகளைக் கலந்து சோதிக்கலாம். ஒரு தொகுப்பில் 5 மாதிரிகளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் கலந்தால் மாதிரி நீர்த்துப்போய்த் தொற்று தப்பிவிடும் என்ற கவலை.

இதில் சமவாய்ப்பு மாறி எது? ஒரு தொகுப்புக்குச் செலவாகும் சோதனைகளின் எண்ணிக்கை. அதற்கு இரண்டே மதிப்புகள்: ஒருவருக்கும் தொற்று இல்லை என்றால் 1, இருந்தால் 1 கூட்டல் 5, ஆக 6. தொற்று விகிதம் 2 விழுக்காடு என்று வைத்தால் ஐந்து பேரும் தப்பும் வாய்ப்பு 0.98இன் ஐந்தாம் அடுக்கு, 0.904. எதிர்பார்ப்பு மதிப்பு ஏறத்தாழ 1.48. ஐந்து சோதனை ஆகவேண்டிய இடத்தில் சராசரியாக ஒன்றரைக்குள் வேலை முடிகிறது. ஆயிரம் பேருக்கு 1,000 கருவிக்குப் பதில் 296 அளவில். இங்கேயும் 1.48 சோதனை என்று எந்தத் தொகுப்பிலும் நடக்காது. ஆனால் எத்தனை கருவிகளுக்கு ஆர்டர் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவருக்கு அந்த எண்தான் வேண்டும்.

தொற்று 10 விழுக்காடு ஆனால் எதிர்பார்ப்பு 3.05க்கு ஏறுகிறது. 30 விழுக்காட்டில் 5.16; கலக்காமல் இருந்திருந்தாலே லாபம். இன்னொன்றும் உண்டு. ஒரே வீட்டின் ஐந்து பேரை ஒரே தொகுப்பில் போட்டால் அந்த ஐந்தாம் அடுக்குக் கணக்கு பொருந்தாது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும். சார்பின்மை போய்விட்டது. ஆனால் இந்த இடத்தில் அது நமக்கு நல்லதாகவே முடிகிறது. தொற்றுகள் சில தொகுப்புகளிலேயே குவிவதால், முழுதாகத் தப்பும் தொகுப்புகள் கூடும், சோதனைகள் இன்னும் குறையும். நிபந்தனை உடைந்தால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று யோசிக்கப் பழகுங்கள். அதற்குச் சூத்திரம் கிடையாது.

பாய்சானுக்கு வருகிறேன். பிரெஞ்சுக் கணித அறிஞர் சீமோன் தெனி பாய்சான் இந்தப் பரவலை 1837ல் வெளியிட்டது நீதிமன்றத் தீர்ப்புகளின் நிகழ்தகவு பற்றிய ஒரு நூலில். பல ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் எடுத்துப் பேசவில்லை. 1898ல் புள்ளியியல் அறிஞர் லாடிஸ்லாவுஸ் போர்ட்கியேவிச் ஒரு சிறு நூலில் அதை உயிர்ப்பித்தார். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையைப் படைப்பிரிவுவாரியாக, 20 ஆண்டுகளுக்கு அவர் எடுத்துக்கொண்டார். அதில் 10 பிரிவுகளின் 200 ஆண்டுக் கணக்குகள் இன்று பல பாடநூல்களில் உள்ளன. 109 கணக்குகளில் இறப்பே இல்லை, 65ல் ஒன்று, 22ல் இரண்டு, மூன்றில் மூன்று, ஒன்றில் நான்கு. மொத்த இறப்பு 122, சராசரி 0.61. இந்த ஓர் எண்ணை மட்டும் பாய்சானிடம் கொடுத்தால் அது திருப்பிச் சொல்வது: 108.7, 66.3, 20.2, 4.1, 0.6. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதைவிட என்னை உலுக்கியது லண்டன் கணக்கு. 1944 ஜூனிலிருந்து ஜெர்மனி வி-1 என்ற பறக்கும் குண்டுகளை லண்டன் மீது ஏவியது. சில பகுதிகளில் மட்டும் குண்டுகள் குவிந்து விழுகின்றன என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். குறிபார்த்து அடிக்கிறார்களா என்பது வாழ்வா சாவா என்ற கேள்வி. குழந்தைகளை எந்தத் தெருவிலிருந்து அழைத்துப் போவது என்பது அதைப் பொறுத்தது. காப்பீட்டுக் கணக்கியலாளர் ஆர். டி. கிளார்க் தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை எடுத்து, கால் சதுர கிலோமீட்டர் வீதம் 576 கட்டங்களாகப் பிரித்தார். விழுந்த குண்டுகள் 537. ஒரு கட்டத்துக்கு 0.93. ஒன்றும் விழாத கட்டங்கள் 229, ஒன்று விழுந்தவை 211, இரண்டு 93, மூன்று 35, நான்கு 7, ஐந்தும் அதற்கு மேலும் 1. பாய்சான் சொல்வது 226.7, 211.4, 98.5, 30.6, 7.1, 1.6. 1946ல் வெளியான அவருடைய கட்டுரை ஓரிரு பக்கம்தான். குண்டுகள் கண்மூடித்தனமாகவே விழுந்திருந்தன.

பட்டியலின் கடைசிக் கட்டத்தில் எத்தனை விழுந்தன என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். மற்ற கட்டங்களின் குண்டுகளைக் கூட்டினால் 530, மொத்தம் 537, ஆக அந்த ஒரே கட்டத்தில் 7. அரைக் கிலோமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர் இடத்தில் ஏழு குண்டு. அங்கே உயிர் தப்பியவரிடம் போய் இது தற்செயல் என்று சொன்னால் அவர் நம்புவாரா? நம்பமாட்டார். ஆனால் தற்செயல் என்பது எல்லாருக்கும் ஒன்று வீதம் பங்கு வைப்பதில்லை. தற்செயலாக விழும்போதே 229 கட்டங்கள் ஒன்றும் படாமல் தப்பும், ஏதோ ஒரு கட்டம் ஐந்தோ அதற்கு மேலோ வாங்கும். சமமாகப் பரவியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஈருறுப்பிலும் போடலாம். குண்டுகள் 537, குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் ஒரு குண்டு விழும் வாய்ப்பு 1/576. ஒன்றும் விழாத கட்டங்கள் எத்தனை என்று ஈருறுப்பில் கணக்கிட்டால் 226.56. பாய்சானில் 226.74. முயற்சிகள் ஏராளம், ஒவ்வொன்றிலும் வாய்ப்பு மிகச் சிறியது என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. பாய்சானுக்கு உள்ள வசதி, முயற்சிகள் எத்தனை என்று தெரியாவிட்டாலும் சராசரி தெரிந்தால் போதும் என்பது. ஒரு படைப்பிரிவில் ஓராண்டில் ஒரு வீரர் எத்தனை முறை குதிரைக்குப் பின்னால் போனார் என்று யார் எண்ணிவைத்திருப்பார்கள்?

எனவே தேர்வறையில் இந்த அலகின் வினா வந்தால், சூத்திரத்துக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். எதை எண்ணுகிறேன், அது எந்த மதிப்புகளை எடுக்கும், ஏன் இந்தப் பரவல் என்று. 50 திருகாணிகள் உள்ள பெட்டியிலிருந்து திருப்பி வைக்காமல் 10 எடுக்கிறோம் என்று வினா சொன்னால், அந்த வாக்கியத்தை எழுதும்போதே கை நின்றுவிடும். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க வாய்ப்பு மாறுகிறதே, ஈருறுப்பு எப்படிப் பொருந்தும் என்று. சொல்லைப் பார்த்துச் சூத்திரத்தைத் தேடுபவருக்கு அந்தத் தடை தெரியாது.

பாய்சானைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பாடத்தில் பண்புகள் என்ற தலைப்பின் கீழ் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அதன் சராசரியும் பரவற்படியும் சமம். பிரஷ்யக் கணக்கில் சராசரி 0.61, பரவற்படி 0.608. லண்டனில் 0.932, 0.969. உங்களுக்குக் கிடைக்கும் எண்ணிக்கைகளில் இரண்டையும் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒரு மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் கண்டவர்களைத் தெருவாரியாக எண்ணினால், பரவற்படி சராசரியைவிடப் பல மடங்கு இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏடிஸ் கொசு பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் பறக்காது. பழைய டயரும் தேங்காய்ச் சிரட்டையும் மூடாத தொட்டியும் உள்ள இடத்தைச் சுற்றியே கடிக்கும். அப்போது பாய்சான் பொருந்தவில்லை என்று தாளைக் கசக்கிப் போட வேண்டாம். தற்செயலாக இருந்தால் இத்தனை தெருக்களில் ஐந்துக்கு மேல் வந்திருக்காது என்று அந்தப் பொருந்தாத அட்டவணை சொல்கிறது. அதை எடுத்துக்கொண்டு நகராட்சிச் சுகாதார ஆய்வாளரிடம் போனால், மருந்து அடிக்கும் ஆட்களை முதலில் எந்தத் தெருக்களுக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் புள்ளியியல் ஆசிரியர்களில் ஒருவர்